ஓடுபாதைக்கு 330 மீட்டர் முன்னால்...

லண்டனில் நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று என் நண்பன் ஒரு லிஸ்ட் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தான். பக்கிங்ஹாம் அரண்மனை, டவர் பிரிட்ஜ், மெழுகு பொம்மை மியூஸியம், தேம்ஸ் நதியில் படகு. கடைசியில் அடிக்கோடிட்டு, 'தோசை: சௌத்ஹால்'.

"எனக்கு மர்ட்டில் அவென்யூ பார்க்கணும்டா" என்றேன்.

"அது எங்கே இருக்கு?"

"நீ தினம் ரயில் ஏறுற ஹவுன்ஸ்லோ வெஸ்டுக்கு அடுத்த ஸ்டேஷன்."

எட்டு வருஷமாக ஹவுன்ஸ்லோவில் குடியிருக்கிறான். தெரியவில்லை. நான் மட்டும் என்ன, முப்பது வருஷம் சென்னையில் இருந்தும் மெரினா லைட் ஹவுஸில் ஒரு படி ஏறியதில்லை. அதனால் கிண்டல் செய்யாமல் விட்டேன்.

"அங்கே என்னடா இருக்கு?"

"புல்லு."

"புல்லு பார்க்கவா ஐயாயிரம் மைல் வந்தே?" என்று தலையில் அடித்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிப் போனான்.

பிக்கடில்லி லைனில் ஹாட்டன் கிராஸ் என்ற ஸ்டேஷனில் இறங்கி, பெரிய ரோட்டைத் தாண்டிச் சில நிமிஷம் நடந்தால் மர்ட்டில் அவென்யூ. சின்னத் தெரு. இரண்டு பக்கமும் செங்கல் வீடுகள், வாசலில் குப்பைத் தொட்டிகள், ஜன்னலில் லேஸ் திரைகள். ரிடையர்டு ஹெட்மாஸ்டர்கள் வசிக்கிற தெரு போல பரம சாது. தெரு முடிகிற இடத்தில் ஒரு புல்வெளி. அவ்வளவுதான். 'இதற்கா வந்தோம்?' என்று நினைத்து முடிக்கும் முன் ஒரு வீட்டின் புகைக்கூண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு போயிங் வந்தது.

சத்தியமாகக் குனிந்துவிட்டேன் ஸார். சக்கரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, நிதானமாக, நம் தலைக்கு மேல் ஒரு கல்யாண மண்டபம் நகர்ந்து போகிற மாதிரி போகிறது. வயிற்றில் போல்ட்டு, நட்டு, எண்ணெய்க் கறை எல்லாம் தெரிகிறது. அது போன பிறகு சில விநாடி கழித்து, ஆள் இல்லாத காற்றில் 'விஷ்ஷ்' என்று ஒரு சுருள் சத்தம் இறங்குகிறது. புல்வெளியில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு அம்மாள் நாயோடு நடந்து போனாள். நாயும் பார்க்கவில்லை.

ஒன்றரை நிமிஷத்துக்கு ஒன்று வீதம் வருகின்றன. ஹீத்ரோவின் தெற்கு ஓடுபாதை இங்கிருந்து கூப்பிடு தூரம். காற்று மேற்கிலிருந்து அடிக்கிற நாட்களில் விமானங்கள் இந்தத் தெருவின் மேலாகத்தான் இறங்கும். அதிலும் ஒரு ஒப்பந்தம் உண்டு. ஒரு வாரம் காலையிலிருந்து மதியம் 3 மணி வரை இந்தப் பாதை, அப்புறம் வடக்குப் பாதை. மறு வாரம் தலைகீழ். சுற்றுப்புறத்தில் குடியிருப்பவர்களின் காதுகளுக்கு அரை நாள் லீவு!

புல்வெளியில் கூட்டம் என்று சொல்ல முடியாது. அலுமினிய ஏணி மேல் காமிராவோடு ஒரு இளைஞன். ஐஸ்கிரீமும் கையுமாக இரண்டு குழந்தைகள். மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்கள். ஒருவர் தலையில் தொப்பி, இன்னொருவர் மடியில் டீ ஃபிளாஸ்க். வானத்தை அண்ணாந்து பார்க்காமலே, சத்தத்தை வைத்து "ரோல்ஸ் ராய்ஸ்", "ஜெனரல் எலெக்ட்ரிக்" என்று இன்ஜின் பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாம் சமையலறைச் சத்தத்தை வைத்து உப்புமாவா, தோசையா என்று கண்டுபிடிப்போமே, அது போல.

இரண்டு பேரும் ரிடையர்டு பைலட்டுகள். எந்தக் கம்பெனி என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"அந்த 777 இதுக்கு மேலதானே வந்தது?" என்று ஆரம்பித்தேன்.

தொப்பிக்காரர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "உட்காருங்க, யங் மேன்" என்றார். நாற்காலி இல்லை. புல்லில் உட்கார்ந்தேன்.

* * *

2008 ஜனவரி 17. பீஜிங்கிலிருந்து லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், எண் 38. போயிங் 777. பயணிகள் 136, சிப்பந்திகள் 16, ஆக மொத்தம் 152 பேர். பத்து மணி நேரத்துக்கும் மேலாக மங்கோலியா, சைபீரியா, ஸ்காண்டிநேவியா என்று பறந்து வந்து, மத்தியானம் சுமார் 12.40-க்கு இந்தத் தெருவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கேப்டன் பீட்டர் பர்க்கில். அந்த நேரத்தில் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவருடைய சக விமானி ஜான் கவர்ட்.

தரையிலிருந்து 720 அடி. கம்ப்யூட்டர் 'கொஞ்சம் சக்தி கூட்டு' என்று இன்ஜின்களைக் கேட்டது. வலது இன்ஜின் கூட்டுவதற்குப் பதில் குறைத்துக்கொண்டது. ஏழு விநாடி கழித்து இடது இன்ஜினும் அதே காரியத்தைச் செய்தது. இரண்டும் நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் கேட்ட சக்தி வரவில்லை. இன்க்ரிமென்ட் கேட்டால் மேனேஜர் தலையை ஆட்டுவாரே, அதே கதை. ஆட்டம் உண்டு, பலன் இல்லை.

வேகம் குறைந்தது. 200 அடி உயரத்தில் 108 நாட். அந்தக் கனத்துக்கு அது போதாது. கீழே வீடுகள், இந்தப் புல்வெளி, கார்கள் ஓடுகிற பெரிய ரோடு, அதற்கப்புறம் ஏர்போர்ட் வேலி.

"அந்த நேரத்துல நீங்க என்ன செய்வீங்க?" என்று ஃபிளாஸ்க்காரர் என்னைக் கேட்டார்.

"குலதெய்வத்தைக் கூப்பிடுவேன்."

"அந்தக் கேப்டன் ஃப்ளாப்பைத் தொட்டார்" என்றார் அவர்.

ஃப்ளாப் என்பது இறக்கையின் பின்பக்கம் கீழே இறங்குகிற பலகை. அதை இறக்கினால் மெதுவாகப் பறக்கும்போதும் இறக்கை விமானத்தைத் தாங்கும். ஆனால் காற்றின் இழுவையும் கூடும். இறங்கும் நேரத்தில் அது 30 என்ற நிலையில் இருந்தது. பர்க்கில் அதை 25-க்குக் குறைத்தார். இழுவை குறைந்து, சுமார் 50 மீட்டர் தூரம் கூடுதலாகக் கிடைத்தது. ஐம்பது மீட்டர் என்பது நம் தெருவில் ஏழெட்டு வீடு. ஆனால் அது இல்லாவிட்டால் வேலிக்கு உள்ளே நிற்கிற வழிகாட்டும் ஆன்டெனா வரிசைக்குச் சற்று முன்பே தரையைத் தொட்டு அதன் மேல் போய் மோதியிருக்கும், சேதம் இன்னும் பெரிதாகியிருக்கும் என்று பிற்பாடு புலனாய்வு அறிக்கை சொன்னது.

விமானம் ரோட்டைத் தாண்டியது, வேலியைத் தாண்டியது, ஆன்டெனாவைத் தாண்டியது. ஓடுபாதைக்கு 330 மீட்டர் முன்னால் புல்தரையில் 'தொம்' என்று விழுந்தது. ஒரு பக்கச் சக்கரக் கால் பிய்ந்து போயிற்று. இன்னொரு பக்கத்தது இறக்கையைக் குத்திக்கொண்டு மேலே வந்தது. புல்லை உழுதபடியே சறுக்கி, ஓடுபாதை ஆரம்பிக்கிற இடத்தில் வந்து நின்றது. எரிபொருள் ஒழுகியது, ஆனால் தீப்பிடிக்கவில்லை. ஒரு பயணிக்குக் கால் முறிந்தது. மற்ற காயங்கள் சிறியவை. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

அந்தப் பரபரப்பில் பர்க்கில் 'எல்லோரும் வெளியேறுங்கள்' என்ற உத்தரவை முதலில் பயணிகளுக்குச் சொல்லாமல், தவறுதலாகக் கன்ட்ரோல் டவருக்கான ரேடியோவில் சொல்லிவிட்டாராம். டவரில் இருந்தவர் அதைச் சொல்ல, மறுபடி சரியான மைக்கில் அறிவித்தார். எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடித்திருந்தது. அவரும் நம்மைப் போல் மனுஷர்தான்.

* * *

"அன்னிக்கு ராத்திரி லண்டன்ல பைலட்டுங்க யாரும் தூங்கியிருக்க மாட்டோம்" என்றார் தொப்பிக்காரர். "எங்க பார்த்தாலும் ரெண்டு பைலட்டு, மூணு தியரி!"

அந்தத் தியரிகளை இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். கேட்கக் கேட்க, எங்கள் பழைய ஆபீஸ் டீக்கடை ஞாபகம் வந்தது.

முதல் தியரி: பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பீஜிங்கிலிருந்து வரும் விமானம், கஞ்சத்தனமாகப் போட்டிருப்பார்கள். (பார்த்தால், டாங்க்கில் 10 டன்னுக்கு மேல் மீதி இருந்தது.)

இரண்டாவது: பறவைகள் மோதின. இரண்டு இன்ஜினிலும் ஒரே நேரத்தில் மோத ஒரு பெருங்கூட்டமே வந்திருக்க வேண்டும். (ஒரு இறகுகூடக் கிடைக்கவில்லை.)

மூன்றாவது: பீஜிங் எரிபொருளில் கலப்படம். நாம் உடனே நம்புகிற ரகம். நம் ஸ்கூட்டர் மக்கர் செய்தால் பங்க் மீதுதானே பழி? (பரிசோதித்ததில் எரிபொருள் நல்ல தரம்.)

நான்காவது: கம்ப்யூட்டர் கோளாறு. (ரெக்கார்டரில் பார்த்தால் கம்ப்யூட்டர் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டிருந்தது. எரிபொருள் வால்வுகள் முழுசாகத் திறந்திருந்தன. வால்வு திறந்தும் எரிபொருள் வரவில்லை.)

ஐந்தாவதுதான் சூப்பர் ஹிட். அன்றைக்கு அதே நேரத்தில் பிரதமர் கார்டன் பிரவுன் ஹீத்ரோவில் இருந்தார். எங்கே கிளம்பிக்கொண்டிருந்தார்? சீனாவுக்கு! அவருடைய பாதுகாப்பு வண்டியில் வெடிகுண்டு ரிமோட்டை முடக்குகிற ஜாமர் கருவி இருந்திருக்கும், அது விமானத்தின் மூளையையும் முடக்கிவிட்டது என்று கிளம்பியது பேச்சு. பத்திரிகைகள் விடுமா? (விசாரித்து, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுக்கினார்கள்.)

ஆறாவது: குளிரில் எரிபொருளே உறைந்துவிட்டது. வழியில் வெளிக்காற்று மைனஸ் 74 டிகிரி வரை போயிருந்தது. (அந்த எரிபொருள் உறைய மைனஸ் 57 வேண்டும். டாங்க்கில் அது மைனஸ் 34-க்குக் கீழே போகவே இல்லை.)

"வேலை இல்லாத பொம்பளைங்க குழாயடியில பேசுற மாதிரி பேசியிருக்கீங்களே!" என்றேன். இதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

ஃபிளாஸ்க்காரர் சிரிக்கவில்லை. "அது வம்பு இல்லை தம்பி" என்கிற தொனியில் சொன்னார். "மறுநாள் காலையில எங்களுக்கு டியூட்டி இருந்தது. அதே ரக விமானம், அதே இன்ஜின். பின்னாடி முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பாங்க. ஒரு இன்ஜின் மக்கர் பண்ணினா என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அதுக்குப் பரீட்சையே உண்டு. ரெண்டும் ஒண்ணா, தரைக்குப் பக்கத்துல, காரணமே இல்லாம போனா? காரணம் தெரியாம காக்பிட்ல ஏறி உட்கார்றது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால பேசினோம். பேசப் பேசப் பயம் கொஞ்சம் குறையும்."

இதை நான் யோசித்ததில்லை. நாம் ஊகிப்பது பொழுது போக. அவர்கள் ஊகித்தது நாளைக்கு உயிரோடு வீடு திரும்ப.

* * *

உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. 2008 ஜனவரியில் விழுந்த விமானத்துக்கு 2010 பிப்ரவரியில்தான் இறுதி அறிக்கை. ஏன் அத்தனை தாமதம்? இது கொலைக் கேஸ் என்று வைத்துக்கொண்டால், கொலை செய்த கத்தி கேஸ் ஆரம்பிக்கும் முன்பே உருகிப் போய்விட்டது.

ஐஸ்!

எந்த விமான எரிபொருளிலும் துளி தண்ணீர் இருக்கும். அதைத் தவிர்க்க முடியாது. அன்றைக்கு அந்த எழுபது, எண்பது டன் எரிபொருளில் இருந்திருக்கக்கூடிய தண்ணீர் மொத்தம் 5 லிட்டர் என்று கணக்கிட்டார்கள். நம் வீட்டில் அரைக் குடம். சைபீரியக் குளிரில் அந்தத் தண்ணீர் சின்னச் சின்ன ஐஸ் துகள்களாகி, குழாய்களின் உட்சுவரில் மெல்ல ஒட்டிக்கொண்டது. வழி நெடுக இன்ஜின்கள் நிதானமாக ஓடியதால் எரிபொருளும் நிதானமாகவே ஓடியது. ஐஸுக்குத் தொந்தரவு இல்லை. ஹீத்ரோவில் இறங்குகிற நேரத்தில் திடீரென்று நிறைய எரிபொருள் தேவைப்பட, வேகமாக ஓடிய எரிபொருள் ஒட்டியிருந்த ஐஸை எல்லாம் மொத்தமாகப் பெயர்த்துக்கொண்டு வந்தது.

வந்த ஐஸ் எங்கே போய் அடைத்தது என்பதுதான் வேடிக்கை. இன்ஜினுக்குப் போகும் வழியில் எரிபொருளைச் சூடாக்க ஒரு பெட்டி உண்டு. உள்ளே ஆயிரத்துச் சொச்சம் மெல்லிய குழல்கள். குழல்களுக்குள் எரிபொருள் ஓடும், வெளியே இன்ஜினின் சூடான ஆயில் ஓடும். ஐஸ் இருந்தால் உருகிவிட வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பெட்டியே. ஆனால் அந்த ரோல்ஸ் ராய்ஸ் ரகத்தில் குழல்களின் வாய் தட்டின் மட்டத்திலிருந்து 4 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரேயடியாக வந்து சேர்ந்த ஐஸ் அந்த நீட்டல்களின் மேல் படிந்து, ஃபில்டரில் பொடி அடைத்துக்கொள்கிற மாதிரி வாயை அடைத்துவிட்டது. குளிருக்கு வைத்திருந்த கம்பளியே கழுத்தைச் சுற்றி இறுக்கிவிட்டது!

தடயம் ஏதாவது மிஞ்சியதா? மிஞ்சியது. இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் பம்ப்புகளிலும், எரிபொருள் போதாமல் அவை தவித்த அரிப்புத் தழும்பு இருந்தது. அந்தத் தழும்பைப் பிடித்துக்கொண்டு, பரிசோதனைச் சாலையில் மாதக்கணக்கில் ஐஸை உண்டாக்கிப் பார்த்தார்கள். அதற்குள் 2008 நவம்பரில் ஷாங்காயிலிருந்து அட்லான்டா போன டெல்டா விமானம் ஒன்றில், அதே இன்ஜின் ரகத்தில் ஒரு இன்ஜின் அதே மாதிரி சக்தி இழந்தது. இந்த முறை உயரத்தில். பைலட்டுகளுக்கு அதற்குள் ஒரு வைத்தியம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சக்தி போனால் இன்னும் கேட்காதே, கேட்பதை நிறுத்து. த்ராட்டிலைக் குறைத்து எரிபொருள் ஓட்டத்தைக் குறைத்தால் சூடான ஆயில் ஐஸை உருக்கிவிடும். செய்தார்கள். இன்ஜின் பழைய நிலைக்கு வந்தது. விமானம் ஊர் போய்ச் சேர்ந்தது.

பிறகு அந்த 4 மில்லிமீட்டரை மட்டமாக்கிய புதுப் பெட்டிகளை மாட்டினார்கள். 1995-லிருந்து பறந்துகொண்டிருந்த 777 ரகத்தில் விபத்தில் அழிந்த முதல் விமானம் அதுதான். காரணம் கட்டை விரல் நகத்தின் பாதி அகலம்கூட இல்லாத ஒரு நீட்டல்.

"நீங்க என்ன தியரி சொன்னீங்க?" என்று தொப்பிக்காரரைக் கேட்டேன்.

"ஜாமர்" என்றார் வெட்கமில்லாமல். "இன்னிக்கும் அது நல்ல தியரிதான்!"

"நீங்க?"

ஃபிளாஸ்க்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு ஏர்பஸ் வந்து போயிற்று. காற்றுச் சுருள் சத்தமும் இறங்கி ஓய்ந்தது.

"ஏழாவது தியரி ஒண்ணு இருந்தது" என்றார்.

* * *

ஏழாவது தியரி: கேப்டன் உறைந்துவிட்டார்.

ஐஸ் பற்றித் தெரியாத நாட்களில் அப்படி ஒரு வதந்தி ஓடியது. இன்ஜின் போனதும் பர்க்கில் கை கால் ஓடாமல் உட்கார்ந்துவிட்டார், சின்ன பைலட்தான் எல்லோரையும் காப்பாற்றினார் என்று. விபத்துக்கு மறுநாள் பத்திரிகைக்காரர்கள் முன் நின்று, விமானத்தை இறக்கியது கவர்ட் என்று அவரைப் பாராட்டியவரே பர்க்கில்தான். அந்தப் பெருந்தன்மையே அவருக்கு எதிராகத் திரும்பியது. 'ஓஹோ, அப்ப இவர் ஒண்ணும் பண்ணலை!' கேன்டீனில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் மூன்றாமவருக்குச் சொல்ல, ஆளைப் பார்க்காதவர்கள்கூட நம்பினார்கள்.

பர்க்கில் 2009-ல் வேலையை விட்டார். வேறு கம்பெனிகளில் முயன்றார், கிடைக்கவில்லை. 2010-ல் இறுதி அறிக்கை வந்து, அந்த 50 மீட்டர் ஃப்ளாப் விஷயம் எழுத்தில் ஏறியது. அதே வருஷம் பழைய கம்பெனியிலேயே மறுபடி சேர்ந்தார். அவரும் மனைவியுமாகச் சேர்ந்து அந்த நாட்களைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்கள். ஐம்பது மீட்டரைச் சம்பாதிக்க அவருக்குச் சில விநாடி ஆயிற்று. பேரைத் திரும்பச் சம்பாதிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

"நான் அதை ஆரம்பிக்கலை" என்றார் ஃபிளாஸ்க்காரர். "ஆனா ரெண்டு பேர்கிட்ட சொன்னேன். சும்மா, டீ சாப்பிடும்போது. எனக்கு அவரைத் தெரியக்கூடத் தெரியாது."

ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி என்னிடம் நீட்டினார். ஆறிப் போயிருந்தது. குடித்தேன். பதிலுக்கு என் கதையைச் சொன்னேன். அதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

பி.காம். முடித்ததும் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. ஒரு மார்ச் மாதம் கேஷ் 27,000 ரூபாய் குறைந்தது. கம்ப்யூட்டர் ஒரு தொகை சொல்கிறது, பெட்டியில் 27,000 கம்மி. கேஷியர் ஐம்பத்தைந்து வயசுக்காரர், இருபது வருஷ சர்வீஸ். டீக்கடையில் நாங்கள் கூடினோம். 'பொண்ணு கல்யாணம் வருதே, அதான்' என்றான் ஒருத்தன். 'சீட்டுக் கம்பெனியில விட்டிருப்பார்' என்றான் இன்னொருத்தன். நான் சும்மா இருந்தேனா? 'நேத்து புது வாட்ச் கட்டியிருந்தார், கவனிச்சீங்களா?' என்றேன். பெரிய துப்பறியும் சாம்பு! அந்த வாட்ச் விஷயம் சாயங்காலத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விட்டது.

பதினைந்து நாள் கழித்து ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஒரு சின்னப் பையன் வந்தான். 27,000-ஐ ஒன்பதால் வகுத்தான். மீதியில்லாமல் போயிற்று. "இலக்கம் இடம் மாறியிருக்கும் சார்" என்றான். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்கும் காலேஜில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அரை மணியில் வவுச்சர் கிடைத்தது. 85,000 ரூபாய் செலவை 58,000 என்று யாரோ டைப் அடித்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அந்த வாரம் வவுச்சர் ஏற்றியது அடியேன்தான்.

அதற்குள் கேஷியர் பணத்தைக் கைவிட்டுக் கட்டிவிட்டு, வேலையையும் விட்டுப் போயிருந்தார். கம்பெனி பணத்தைத் திருப்பி அனுப்பியது. வாட்ச் விஷயத்தை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

"கணக்கு டேலி ஆகலைன்னா நாங்க என்ன செய்வோம் தெரியுமா?" என்று பெரியவர்களிடம் சொன்னேன். "சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னு ஒண்ணு போடுவோம். வித்தியாசத்தை அதுல வைப்போம். காரணம் தெரியிற வரைக்கும் அது யார் பேருலயும் போகக் கூடாது. முதல் வருஷப் பாடம். நான் அதைப் புஸ்தகத்துல வச்சுட்டு ஒரு மனுஷர் பேருல பற்று எழுதிட்டேன்."

"எங்க புலனாய்வுக்காரங்க ரெண்டு வருஷம் வச்சிருந்தது அதுதான்" என்றார் தொப்பிக்காரர். "சஸ்பென்ஸ்!"

எனக்கு 2025 ஜூன் 12 ஞாபகம் வந்தது. ஆமதாபாத்திலிருந்து இதே லண்டனுக்கு, காட்விக் ஏர்போர்ட்டுக்கு, கிளம்பிய ஏர் இந்தியா விமானம் மேலே எழும்பிய உடனே சக்தி இழந்து விழுந்தது. விமானத்தில் 241 பேர், தரையில் 19 பேர், ஆக 260 உயிர்கள். அன்று சாயங்காலத்துக்குள் நம் ஊர் டீக்கடை, மின்சார ரயில், டி.வி. எல்லாவற்றிலும் தீர்ப்பு எழுதி முடித்தாயிற்று. ஃப்ளாப் என்றார்கள், பறவை என்றார்கள், பைலட் என்றார்கள். நானும் சொன்னேன், என்ன சொன்னேன் என்று இப்போது வேண்டாம். பர்க்கிலுக்காவது உயிரோடு இருந்து புத்தகம் எழுத முடிந்தது. அந்த இரண்டு விமானிகளால் முடியாது.

காரணம் எதுவாகவும் இருக்கட்டும். இன்ஜினைப் பற்றி எத்தனை தியரி வேண்டுமானாலும் சொல்லலாம். ஜாமர் என்றால் ஜாமருக்கு வலிக்காது.

* * *

3 மணி ஆயிற்று. யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி புகைக்கூண்டுகளுக்குப் பின்னால் விமானங்கள் வருவது நின்றது. தூரத்தில், வடக்குப் பாதையில், பொம்மைகள் போல இறங்க ஆரம்பித்தன. ஏணிக்காரன் ஏணியை மடித்தான். பெரியவர்கள் நாற்காலியை மடித்தார்கள்.

"ஹாட்டன் கிராஸ் ஸ்டேஷன் பக்கம் போனீங்கன்னா, வேலி வழியா அந்த இடம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அங்க என்ன இருக்கு பார்க்க? புல்லுதான்" என்றார் ஃபிளாஸ்க்காரர். கை குலுக்கிவிட்டு இரண்டு அடி போனவர் நின்று திரும்பினார். "உங்க கேஷியரை அப்புறம் பார்த்தீங்களா?"

"இல்லை."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

ராத்திரி நண்பன் கேட்டான். "புல்லு நல்லா இருந்துதா?"

"பிரமாதம்" என்றேன். அந்த வாரம் டவர் பிரிட்ஜ், மெழுகு பொம்மை, சௌத்ஹால் தோசை எல்லாம் ஆயிற்று. திரும்பும்போது மீனம்பாக்கத்தில் இறங்குகிற நேரம், இன்ஜின் ஒரு தரம் உறுமிச் சக்தி கூட்டியது. பக்கத்து சீட்டுக்காரர் "என்ன ஸார் சத்தம்?" என்று பயந்தார். "நல்ல சத்தம் ஸார், கேட்டது கிடைக்குது" என்று சொல்லிவிட்டு, நான் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

பழைய ஆபீஸில் இப்போதும் இருக்கிற ஒரு நண்பர் மூலம் விசாரித்துவிட்டேன். கேஷியர் அம்பத்தூர் பக்கம் மகளோடு இருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. அந்த வாட்ச் மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது என்று நண்பர் சொன்னார்.